ஸ்பெர்பருக்கு எத்தனை சிலிண்டர்?

ரீட்லிங்கர் கார்த் தொழிற்சாலையின் ஏழாம் கூடத்தில் வேலை பார்க்கும் நூற்றுப் பன்னிரண்டு பேரும் தங்கள் எதிர்காலத்தைத் தெரிந்துகொள்வது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வியாழக்கிழமை காலை ஒன்பது மணி இடைவேளையில். அப்போதுதான் 'சக்கரமும் சாலையும்' பத்திரிகை உணவுக்கூடத்துக்கு வந்து சேரும். எதிர்காலம் வழக்கமாகப் பதினான்காம் பக்கத்தில் இருக்கும். விளம்பரம் அதிகமாகிவிட்டால் பதினாறுக்குத் தள்ளிப் போகும்.

ஏழாம் கூடத்தில் எட்டு சிலிண்டர் இன்ஜின் செய்கிறார்கள். ஓர் இன்ஜினை முதல் திருகிலிருந்து கடைசித் திருகு வரை ஒரே ஆள்தான் பூட்ட வேண்டும் என்பது அங்கே வழக்கம். எவால்ட் பைட்லர் முப்பத்தொரு வருடமாகப் பூட்டுகிறார். ஓடுகிற இன்ஜினுக்குப் பக்கத்தில் இரண்டு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு நின்றால், எந்த வால்வு சோம்பல்படுகிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் வரப்போகும் ஸ்பெர்பர் காருக்கு எத்தனை சிலிண்டர் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. அவருக்கு மட்டுமல்ல, கூடத்தில் ஒருவருக்கும் தெரியாது. அது நிறுவனத்தின் ரகசியம்.

ஸ்பெர்பர் நான்கு வருடமாக வந்துகொண்டிருந்தது. ரீட்லிங்கர் இதுவரை செய்ததிலேயே வேகமான இரண்டு கதவுக் கூப்பே கார் அதுதான் என்று பேச்சு. சோதனைக் கார்கள், வடிவம் தெரியாமலிருக்க உடம்பெல்லாம் கறுப்பு வெள்ளைச் சுழி போட்ட தாளை ஒட்டிக்கொண்டு எங்கள் ஓபர்ஹால்டன் ஊருக்குள்ளேயே ஓடும். அதைக் கண்டால் ஊர்க்காரர்கள் நாங்கள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வோம். யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல, மரியாதை. சிக்னலில் பக்கத்தில் வந்து நின்றுவிட்டால் எதிரே இருக்கும் ரொட்டிக்கடைப் பலகையை ஊன்றிப் படிப்போம். வெளியூரிலிருந்து வந்து மரத்தில் ஏறிப் படம் பிடிக்கிறவர்கள்தான் பார்ப்பார்கள்.

எவால்ட் மாதிரி ஆட்கள் காதால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது நிறுவனத்துக்குத் தெரியும். ஆகவே சோதனைக் கார்களுக்குள் ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். திங்கட்கிழமை எட்டு சிலிண்டர் சத்தம் வரும், செவ்வாய் ஆறு, புதன் நாலு. வெள்ளிக்கிழமை ஒரு சத்தமும் இருக்காது. அன்றைக்கு மரத்தில் இருப்பவர்கள் 'மின்சார மோட்டார்' என்று எழுதிக்கொண்டு இறங்குவார்கள்.

அந்த மாதம் பதினான்காம் தேதி ஏழாம் கூடத்தில் எல்லோருக்கும் ஒரு கடிதம் வந்தது. அதில் இரண்டு கட்டம். 'அ' கட்டத்தில் குறியிட்டால், ஒரு தொகையை வாங்கிக்கொண்டு வேலையை விட்டுவிடலாம். 'ஆ' கட்டத்தில் குறியிட்டால், நிறுவனத்தில் தொடரலாம்; ஏழாம் கூடத்துக்கு வேலை இருந்தால் இங்கேயே, இல்லாவிட்டால் கிழக்கே சாக்சனியில் கதவுக் கைப்பிடி பூட்டும் தொழிற்சாலையில். முப்பதாம் தேதி காலை எட்டு மணிக்குள் கடிதத்தைப் பெட்டியில் போட வேண்டும். போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. ஏழாம் கூடத்துக்கு வேலை இருக்குமா என்பது ஸ்பெர்பரின் இன்ஜினைப் பொறுத்தது என்று கீழே பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது. அதற்கும் கீழே, ஸ்பெர்பரின் இன்ஜின் பற்றி விசாரிப்பது ஒழுங்கு நடவடிக்கைக்குரியது என்று இன்னும் பொடியாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து வியாழக்கிழமை. ஜெவாத் பத்திரிகையோடு ஓடி வந்தான். எவால்டுக்கு அடுத்த மேடையில் இன்ஜின் பூட்டுகிறவன், பதினைந்து வயது இளையவன், துருக்கியிலிருந்து வந்த குடும்பம், இந்த ஊரிலேயே பிறந்தவன். அவன் மனைவி நுர்ஜான் போன வருடம்தான் ஸ்டேஷன் தெருவில் துணி திருத்தும் கடை போட்டிருந்தாள்.

"அண்ணே, எட்டு! பெரிய எழுத்துல போட்டிருக்கான் பாரு. எட்டு சிலிண்டர், அறுநூத்தி எண்பது குதிரைத்திறன்!"

"போன தடவ நாலுன்னு போட்டிருந்தானேடா."

"அது போன தடவ. அப்ப வெறும் 'வட்டாரம் தெரிவிக்கிறது'ன்னு இருந்துச்சு. இப்ப 'நம்பத் தகுந்த வட்டாரம்'. பேனா குடு."

"அவசரப்படாத. இன்னும் ரெண்டு வாரம் இருக்கு."

"இருந்து? அடுத்த இதழ் முப்பதாம் தேதிதான் வரும். வர்றதுக்குள்ள பெட்டியத் தூக்கிட்டுப் போயிருவான்." ஜெவாத் கடிதத்தை மேசையில் விரித்தான். பிறகு தலையைத் தூக்கினான். "உனக்கு ஏதாச்சும் தெரியுமாண்ணே? தெரிஞ்சா இப்பவே சொல்லிரு. நுர்ஜான் தையல் மெஷினத் தூக்கிக்கிட்டு சாக்சனிக்கெல்லாம் வர மாட்டா."

"எனக்கு என்னடா தெரியும்? நானும் உன்ன மாதிரி பதினாலாம் பக்கம்தான்."

ஜெவாத் 'ஆ' கட்டத்தில் குறியிட்டு, கடிதத்தை மடித்துப் பெட்டியில் போட்டான். அவனைப் பார்த்து இன்னும் பலர் போட்டார்கள்.

எவால்டுக்கு மனம் ஒப்பவில்லை. தன் கைக்கு வரப்போவது எட்டா நாலா என்று தெரியாமல் ஒரு மனிதன் எப்படிக் கையெழுத்துப் போடுவான்? மறுநாள் பணியாளர் பிரிவு ஜன்னலுக்குப் போனார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மாள் அவரைப் பார்த்து அனுதாபமாகச் சிரித்தாள்.

"ஹெர் பைட்லர், அத நான் சொல்ல முடியாதுங்களே."

"இன்ஜின பூட்டுறவனே நான்தாங்க."

"அதனாலதாங்க. பூட்டுறவங்களுக்கு மொதல்ல தெரியக் கூடாது. நாளைக்கு நீங்க வெளியில எங்கயாச்சும் பேசிட்டீங்கன்னா, விஷயம் தெரிஞ்சவர் பேசுறாருன்னு ஜனங்க நம்பிருவாங்க."

"அப்ப யாருக்குத்தான் தெரியலாம்?"

"கேக்குறதுதாங்க தப்பு. வதந்தி காதுல விழுந்தா அறிவிக்கிறது தப்பில்ல, கடமை. இந்தாங்க." ஜன்னலுக்கு அடியில் ஒரு படிவம் வந்தது. மூன்று பிரதி. "பூர்த்தி பண்ணிக் குடுங்க. வதந்தி தப்பா இருந்தா நாலாவது மாடியில மறுத்துச் சொல்லுவாங்க. அப்படித்தான் இங்க எல்லாரும் தெரிஞ்சுக்கறது."

அன்று மாலை சமையலறை மேசையில் பயறும் ஸ்பெட்ஸ்லே நூடுல்ஸும் ஆறிக்கொண்டிருக்க, எவால்ட் படிவத்தோடு மல்லுக்கட்டினார். 'சிலிண்டர்களின் எண்ணிக்கை: 4, 6, 8. ஒன்றைக் கட்டாயம் குறிக்கவும்.' தெரியாது என்பதற்குக் கட்டம் இல்லை. ஒரு படிவத்தில் கட்டாயம் என்று போட்டிருக்கும் இடத்தைக் காலியாக விட்டுவிட்டுத் தூங்கப் போகிற மனிதர் எங்கள் சுவாபியப் பகுதியில் இன்னும் பிறக்கவில்லை.

"எட்டுன்னு போட வேண்டியதுதானே" என்றார் மனைவி ரோஸ்விதா. நகராட்சி நீச்சல் குளத்தில் சீட்டுக் கொடுக்கிறவர். எதையும் நீட்டி முழக்க அவருக்குப் பிடிக்காது.

"எட்டுன்னு போட்டா, எட்டு இல்லன்னு மறுத்துருவாங்களோன்னு பயமா இருக்கு. நாலுன்னு போட்டா, நாலு இல்லன்னு மறுப்பாங்க இல்ல? அதக் கேக்கத்தானே நான் எழுதறதே."

"அவங்க மறுக்கலன்னா?"

எவால்ட் பேனா மூடியைக் கழற்றினார். நாலில் குறியிட்டார். அடுத்த கேள்வி: 'வதந்தியில் கூறப்படும் விலை, யூரோவில். கட்டாயம்.' அவர் எந்த விலையையும் கேள்விப்பட்டிருக்கவில்லை. பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தார். அன்று காலைதான் தன் பழைய காரை எண்ணெய் மாற்றக் கொண்டுபோய் விட்டிருந்தார். ரசீதில் ஓடிய தூரம் எழுதியிருந்தது. அந்த எண்ணையே எடுத்து எழுதினார்: 1,64,900.

ஒரு வாரத்தில் நாலாவது மாடிக்கு அழைப்பு வந்தது. எதிர்பார்ப்புப் பராமரிப்புத் துறை. இன்ஜின் வடிவமைப்புத் துறையில் பத்தொன்பது பேர் இருந்த அந்த நாளில், இதில் அறுபத்திரண்டு பேர் இருந்தார்கள். வாசலில் எவால்டின் கைபேசிக் கேமராவின் மேல் சிவப்பு வில்லை ஒட்டினார்கள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றச் சொன்னார்கள்; பிறகு, அவர் சுவரில் மோதிக்கொண்டதும், திரும்பக் கொடுத்தார்கள். அறையின் நடுவே ஒரு கார் துணி போர்த்தி நின்றது. ஓர் ஓரத்தில் துணி விலகியிருந்தது. அதற்குள்ளேயும் ஒரு துணி இருந்தது.

துறைத் தலைவர் டாக்டர் ஆன்ஸ்கார் லீப் எழுந்து வந்து கை கொடுத்தார். மெலிந்தவர், கழுத்துப்பட்டை கட்டாதவர், கெட்ட செய்தியையும் பிறந்தநாள் வாழ்த்துப் போலச் சொல்லத் தெரிந்தவர்.

"ஹெர் பைட்லர்! உங்க படிவத்தப் படிச்சு எங்க ஆளுங்க எல்லாம் அசந்துட்டாங்க. ஒவ்வொரு கட்டமும் பூர்த்தி! வழக்கமா 'ஏதோ பேசிக்கிறாங்க'ன்னு எழுதிட்டுப் போயிருவாங்க."

"அது தப்புத்தானுங்களே? நாலுங்கறது?"

டாக்டர் லீப் புன்னகைத்தார். "ஊகங்களுக்கு நாங்க கருத்துச் சொல்றதில்ல."

"அப்ப சரியா?"

டாக்டர் லீப் ஒரு கணம் பேசாமல் இருந்தார். "ஊகங்களுக்கு நாங்க கருத்துச் சொல்றதில்ல." பிறகு குரலைத் தாழ்த்தி, ஓர் உறவினருக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: "வதந்தி பொய்யா இருந்தா இந்த வாக்கியத்தச் சொல்லுவோம். நிஜமா இருந்தாலும் இதே வாக்கியம்தான். ஆனா நிஜம்னா முன்னாடி ஒரு சின்ன மௌனம் இருக்கும்."

"எவ்வளவு நேரம்?"

"அது ரகசியம்."

எவால்ட் தொப்பியை மடியில் வைத்துத் திருகினார். "ஐயா, எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். முப்பதாம் தேதிக்குள்ள ஒரு கட்டத்துல குறி போடணும். இன்ஜின் என்னன்னு முடிவு பண்றவங்க யாரு?"

"நிர்வாகக் குழு."

"பண்ணிட்டாங்களா?"

"சந்தை என்ன எதிர்பார்க்குதுன்னு தெரியாம எப்படிப் பண்ணுவாங்க? நாங்க வாரா வாரம் அறிக்கை குடுக்கறோம். சந்தை எட்டு எதிர்பார்க்குதா, நாலு எதிர்பார்க்குதான்னு."

"சந்தை அத எங்கேருந்து தெரிஞ்சுக்குது?"

"'சக்கரமும் சாலையும்' பதினாலாம் பக்கம்" என்றார் டாக்டர் லீப், இதுகூடத் தெரியாதா என்பதுபோல. பிறகு ஜன்னலருகே போய் நின்றுகொண்டார். அறுபத்திரண்டு பேரும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். கேட்பது அவர்கள் வேலையில் சேர்ந்தது. "பாருங்க, காரை ஒருத்தனுக்கு ஒரு தடவதான் விக்க முடியும். எதிர்பார்ப்ப நாலு வருஷம் விக்கலாம். காருக்கு இரும்பு வேணும், அலுமினியம் வேணும், மன்னிக்கணும், உங்கள மாதிரி ஆளுங்க வேணும். எதிர்பார்ப்புக்கு ஒண்ணும் வேண்டாம். உள்ளதச் சொன்னா, கார் வெளிவர்ற நாள்தான் எங்க துறைக்குத் துக்க நாள்."

புறப்படும்போது ஒரு பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். தனக்குச் சொல்லப்படாத எதையும் வெளியில் சொல்லமாட்டேன் என்று எவால்ட் உறுதியளித்தார். வதந்தி அறிவித்தவர் மேல் பரிசீலனை நடப்பதால் அவருடைய இரண்டு கட்டக் கடிதத்தை நிறுத்தி வைத்திருப்பதாகவும், அவர் 'அ'வோ 'ஆ'வோ போட வேண்டியதில்லை என்றும் சொன்னார்கள். அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

ஆனால் ஒன்று மட்டும் புரிந்தது. விஷயம் பதினான்காம் பக்கத்தில் இருக்கிறது. திங்கட்கிழமை விடுப்புப் போட்டுவிட்டு ஸ்டுட்கார்ட்டுக்கு ரயில் ஏறினார். ரயில் ஐம்பது நிமிடம் தாமதம், காரணம் சொல்லவில்லை.

பதினான்காம் பக்கத்தை எழுதுகிற லோதார் கிம்மிஷ் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து, எலுமிச்சை தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். சுவரெல்லாம் சுழித்தாள் ஒட்டிய கார்களின் படம். வந்தவர் ரீட்லிங்கரில் இன்ஜின் பூட்டுகிறவர் என்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உங்களுக்கு எங்கேருந்து தெரியுது, எட்டுன்னும் நாலுன்னும்?" என்று கேட்டார் எவால்ட்.

"ஒரு தடவ எட்டு, ஒரு தடவ நாலு. மாத்தி மாத்திப் போட்டாத்தான் ரெண்டு இதழும் விக்கும். விலைக்கு ஒரு கணக்கு வெச்சிருக்கேன். பழைய கார் விலைக்கு மேல பதினஞ்சு சதவீதம். முழு எண்ணா வந்துச்சுன்னா நூறு கொறச்சுக்குவேன். முழு எண்ண எவனும் நம்ப மாட்டான்." பிறகு கிம்மிஷின் முகம் மலர்ந்தது. "ஆனா இந்தத் தடவ என் கற்பனைக்கு வேலையே இல்ல. இருபத்தாறு வருஷத்துல மொத மொதல்ல எனக்கு நிஜ ஆதாரம் கெடச்சிருக்கு. பாருங்க!"

இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். பெயர் இருந்த இடத்தைக் கறுப்பு மையால் அடித்திருந்தார்கள். நாலில் குறி. கீழே 1,64,900.

"இது என் கையெழுத்துங்க" என்றார் எவால்ட்.

"என்னது?"

"நான் எழுதினதுங்க. இது எப்படி உங்ககிட்ட வந்துச்சு?"

"நாலாவது மாடியிலேருந்து. அங்க ஒவ்வொருத்தரும் வாரத்துக்கு ஒண்ணு கசிய விட்டாகணும், இல்லாட்டி வருஷக் கடைசியில மதிப்பெண் கொறைஞ்சிரும்." கிம்மிஷ் எழுந்து நின்றுவிட்டார். "அப்ப நீங்கதானா அது! உட்காருங்க, உட்காருங்க. பிரெட்ஸல் ரொட்டி சாப்பிடுங்க."

"ஐயா, நான் சொல்றதக் கேளுங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது. மறுப்பாங்கன்னுதான் நாலுன்னு போட்டேன். அந்த விலை என் கார் ஓடின தூரம்."

கிம்மிஷ் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே கேட்டார்: "அதாவது, நாலு சிலிண்டர்ங்கறத நீங்க மறுக்கல?"

"எனக்கே தெரியாதத நான் எப்படி மறுப்பேன்?"

"மறுக்கல" என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார் கிம்மிஷ். "அருமை."

செவ்வாய்க்கிழமை எவால்ட் உள்ளதையெல்லாம் ஜெவாத்திடம் கொட்டிவிட்டார். கையெழுத்துப் போட்ட பத்திரம் ஞாபகம் இருந்தது. இருந்தாலும் நெஞ்சு தாங்கவில்லை. ஜெவாத் கேட்டுவிட்டு, கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தான். "டேய், எல்லாரும் வாங்கடா! நம்பத் தகுந்த வட்டாரம் யாருன்னு தெரிஞ்சுபோச்சு!" என்று கத்தினான். அன்று முழுக்கக் கூடத்தில் எவால்டை 'வட்டாரம்' என்றுதான் கூப்பிட்டார்கள். "வட்டாரம், அந்த பத்து நம்பர் ஸ்பானர எடு." "வட்டாரம் சாப்பிடப் போறாரு, வழி விடுங்க." எவால்டும் சிரித்தார். கூடத்தில் எல்லோரும் கூடிச் சிரித்தது அதுதான் கடைசி.

முப்பதாம் தேதி எட்டு மணிக்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். ஒன்பது மணிக்குப் பத்திரிகை வந்தது. 'உறுதி! ஸ்பெர்பருக்கு நான்கே சிலிண்டர்! விலை 1,64,900 யூரோ! ஏழாம் கூடத்தின் மூத்த இன்ஜின் நிபுணர் மறுக்கவில்லை!' பக்கத்தில் எவால்ட் பிரெட்ஸலோடு அறையை விட்டு வெளியேறும் படம், முதுகுப் பக்கமாக. அந்த முதுகை ஊரில் தெரியாதவர் இல்லை.

நண்பகல் வானொலியில் டாக்டர் லீப் பேசப் போகிறார் என்றார்கள். மௌனத்தின் விஷயத்தை எவால்ட் சொல்லியிருந்ததால், கூடம் மொத்தமும் இன்ஜின் சோதனை மேடையைச் சுற்றிக் கூடியது. இன்ஜின்களை நிறுத்தினார்கள். ஜெவாத் சோதனைக் கடிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டான். நூறில் ஒரு நொடி வரை பிழை இல்லாத கடிகாரம்.

"ஸ்பெர்பர் நான்கு சிலிண்டர் கார்தானா, டாக்டர் லீப்?" என்று வானொலிப் பெண் கேட்டாள்.

ஜெவாத் அழுத்தினான்.

"ஊகங்களுக்கு நாங்கள் கருத்துச் சொல்வதில்லை."

"ஒண்ணு புள்ளி மூணு எட்டு" என்றான் ஜெவாத்.

"அது மௌனம் இல்லடா, மூச்சு வாங்கினான்" என்றார் ஒருவர்.

"மூச்சுக்கு அவ்வளவு நேரம் ஆகுமா? நீ வாங்கிக் காட்டு."

ஒவ்வொருவராக மூச்சு வாங்கிக் காட்டினார்கள். ஜெவாத் நேரம் எடுத்தான். சராசரி முக்கால் நொடிதான் வந்தது. ஒருவருக்கு ஆஸ்துமா, அவருக்கு இரண்டு நொடி. அதை வைத்து இருபது நிமிடம் நம்பிக்கையோடு இருந்தார்கள். பிறகு அவரவர் மேடைக்குத் திரும்பிப் போனார்கள்.

இரண்டு வாரம் கழித்துப் பெரிய மண்டபத்தில் தொழிலாளர் கூட்டம். தலைமை நிர்வாகி மேடை ஏறினார். குரல் தழுதழுத்தது, அதற்காக ஒருவரிடம் பயிற்சி எடுத்திருப்பதாகச் சொல்வார்கள்.

"அன்பான பணியாளர்களே! நாலு சிலிண்டர்ங்கற செய்தி வந்ததும் நம்ம வாடிக்கையாளர்கள் கலங்கிப் போனாங்க. இணையத்துல நாப்பதாயிரம் பேர் நம்மளத் திட்டினாங்க. அதுல காரை வாங்கக்கூடியவங்க எத்தனை பேர்னு எண்ணிப் பார்த்தோம். ஒன்பது பேர். ஆனா துக்கம் துக்கம்தான். பதினோரு நாள் திட்டினாங்க. பன்னிரண்டாம் நாள் நிறுத்திட்டாங்க. நாலு சிலிண்டருக்குப் பழகிட்டாங்க! இப்பப் போய் நாம எட்டுன்னு அறிவிச்சா, அவங்க பட்ட துக்கமெல்லாம் வீணாப் போயிரும். வாடிக்கையாளரோட துக்கத்த மதிக்காத நிறுவனம் இல்ல இது. ஆகவே ஸ்பெர்பர் நாலு சிலிண்டர். விலையும் சந்தை எதிர்பார்த்த அதே விலை. நூறு யூரோகூட மாத்தல."

பின்வரிசையிலிருந்து ஜெவாத் எழுந்தான். "இதுக்கு முன்னாடி என்ன முடிவு பண்ணியிருந்தீங்க?"

"நிர்வாகக் குழு திறந்த மனசோட இருந்துச்சு" என்றார் தலைமை நிர்வாகி. ஏழாம் கூடத்தை அடுத்த மாதம் மூடுவார்கள் என்பதை அவருடைய உதவியாளர் படித்தார். அவருக்குக் குரல் பயிற்சி கிடையாது, மளமளவென்று படித்துவிட்டார்.

கூட்டம் முடிந்து வெளியே வரும்போது ஒருவரும் எவால்டை 'வட்டாரம்' என்று கூப்பிடவில்லை. ஒருவரும் எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை. சிலிண்டர் பொருந்தியதைக்கூட அதிர்ஷ்டம் என்று விட்டிருப்பார்கள். விலை நூறு யூரோகூடப் பிசகாமல் பொருந்தியதை யார் விடுவார்கள்? கார் ஓடிய தூரமாம்! தெரிந்துகொண்டே பத்திரிகைக்காரனிடம் விற்றிருக்கிறான், நம்மிடம் சொல்லவில்லை என்று கழிப்பறைச் சுவரில் எழுதியிருந்தது. எழுபது பேர் 'ஆ' போட்டிருந்தார்கள். நாற்பத்தொரு பேர் 'அ'.

அடுத்த மாதம் கூடத்தை மூடும் வாரத்தில் நாலாவது மாடியில் மறுபடி அழைத்தார்கள். மேசைமேல் இரண்டு தாள் இருந்தன.

"பரிசீலனை முடிஞ்சுது, ஹெர் பைட்லர்" என்றார் டாக்டர் லீப். "ரெண்டுல ஒண்ணுல கையெழுத்துப் போடுங்க. இது, 'எனக்கு முன்பே தெரியும்.' இது, 'எனக்குத் தெரியாது.'"

"எனக்குத் தெரியாதுங்க. உங்களுக்கே தெரியுமே, எனக்குத் தெரியாதுன்னு!"

"தாராளமாப் போடுங்க. ஆனா என்ன ஆகும்னு சொல்லிடறேன். உங்களுக்குத் தெரியாதுன்னா, அது பொய்ப் படிவம். பொய்ப் படிவம் பத்திரிகைக்குப் போயிருக்கு, பத்திரிகை சந்தைக்கு, சந்தை நிர்வாகக் குழுவுக்கு. அப்ப முடிவையே விசாரிக்கணும். விசாரணை முடியறவரைக்கும் நூத்திப் பதினோரு பேரோட கடிதமும் முடங்கிரும். நாப்பத்தொரு பேருக்குத் தொகை வராது. எழுபது பேருக்கு இங்கயும் வேலை இல்ல, சாக்சனியிலயும் இல்ல. ரெண்டு வருஷம் ஆகும், கூடவும் ஆகலாம்."

"முடிவு மாறுமா? எட்டு ஆகுமா?"

"அதுக்குள்ள கார் வித்துத் தீர்ந்திருக்கும்."

"இன்னொண்ணுல போட்டா?"

"எல்லாம் ஒழுங்கு. உங்களுக்குத் தெரியும், முறையா அறிவிச்சீங்க. நாப்பத்தொரு பேருக்கும் அடுத்த திங்கட்கிழமை தொகை போயிரும். எழுபது பேருக்கு வேலை நிச்சயம். நீங்க அஞ்சு வருஷம் எங்களோட இந்த மாடியில இருப்பீங்க. ரகசியம் தெரிஞ்சவரை வெளியில விட முடியாது பாருங்க. ஒரே ஒரு நிபந்தனை. எனக்குத் தெரியாதுன்னு இனிமே நீங்க யார்கிட்டயும் சொல்லக் கூடாது. சொன்னா அந்த நிமிஷமே விசாரணை ஆரம்பம்."

"என் பொண்டாட்டிக்குத் தெரியுங்க. அவ எதிர்லதானே எழுதினேன்."

அதற்கு ஒரு விதிவிலக்குச் சேர்த்தார்கள். மூன்று பிரதி.

எவால்ட் வெகு நேரம் இரண்டு தாளையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்துமாக்காரர் 'அ' போட்டிருந்தார். அந்தத் தொகையை நம்பித்தான் வீட்டு வாடகைக்குத் தவணை கேட்டிருந்தார். ஜெவாத் 'ஆ'. சாக்சனி வேலையும் இல்லையென்றால் ஜெவாத் எங்கே போவான்? 'எனக்கு முன்பே தெரியும்' என்பதன் கீழே கையெழுத்துப் போட்டார். அந்த வதந்திப் படிவத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால், வாழ்க்கையில் அவர் எழுதிக் கொடுத்த முதல் பொய் அதுதான். டாக்டர் லீப் எழுந்து அவரை வாழ்த்தினார்.

வீட்டில் ரோஸ்விதா எல்லாவற்றையும் கேட்டார். "ஜெவாத்துக்கு விதிவிலக்கு கேட்டியா?"

"கேட்டேன். குடும்ப உறுப்பினர் மட்டும்தானாம்."

ரோஸ்விதா அவருடைய தட்டில் இன்னும் கொஞ்சம் பரிமாறினார். அவர் சாப்பிடவில்லை.

அடுத்த சனிக்கிழமை காலை, சாக்சனிக்குப் போகும் பேருந்துகள் தொழிற்சாலை வாசலில் நின்றன. எழுபது பேரும் பெட்டி படுக்கையோடு வந்திருந்தார்கள். வழியனுப்ப அந்த நாற்பத்தொரு பேரும் வந்திருந்தார்கள். திங்கட்கிழமை வரப்போகும் தொகையைப் பற்றி ஒருவர் மாற்றி ஒருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். எதிர்பார்ப்புப் பராமரிப்புத் துறையிலிருந்து ஒரு பெண் காப்பி ஊற்றிக் கொடுத்துக்கொண்டு, கூட்டத்தின் மனநிலையைக் குறித்துக்கொண்டிருந்தாள். எவால்டும் போனார். போகாமல் இருக்க முடியவில்லை. அவர் நின்ற இடத்தைச் சுற்றி நாலு பக்கமும் காலியாக இருந்தது.

நுர்ஜான் அவரைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள், சுழித்தாள் ஒட்டிய காரைக் கண்டதுபோல. அவள் கடையைக் காலி செய்ய இன்னும் ஒரு மாதம் இருந்தது. ஜெவாத் பையைக் கீழே வைத்துவிட்டு அவரிடம் வந்தான்.

"அண்ணே."

"சொல்லுடா."

"ஊரே சொல்லுது. என் பொண்டாட்டியும் சொல்றா. எனக்கு மட்டும் மனசு ஒத்துக்க மாட்டேங்குது. பதினெட்டு வருஷம் பக்கத்துப் பக்கத்துல நின்னிருக்கோம், நீ ஒரு திருகக்கூட ஏமாத்திப் பூட்டினதில்ல." அவன் கையைக் காட்டித் தடுத்தான். "கார் ஓடின தூரம், ரசீது, அதெல்லாம் வேண்டாம். விளக்கம் ஒண்ணும் வேண்டாம். அன்னிக்கு நான் கேட்டப்ப உனக்குத் தெரியாதுன்னு, என் மூஞ்சியப் பாத்து இன்னொரு தடவ சொல்லு. சொன்னாப் போதும். நான் நம்பறேன்."

காப்பிப் பெண் நாலடி தள்ளி நின்றிருந்தாள். ஆஸ்துமாக்காரர் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். எவால்ட் வாயைத் திறந்தார். ஜெவாத் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அங்க குளிர் அதிகம்" என்றார் எவால்ட். "கழுத்துக்கு ஏதாவது கட்டிக்க."

ஜெவாத் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தான். பிறகு தலையை ஆட்டிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு பேருந்தில் ஏறினான். வாசல் பக்க ஜன்னல்கள் காலியாக இருந்தும் மறுபக்கம் போய் உட்கார்ந்தான்.